ஆறாவது அங்கம் யாருடையது?

பஞ்சாங்கம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நம் மக்களில் எத்தனை பேருக்கு அச்சொல்லின் பொருள் தெரியும்? பஞ்ச என்றால் ஐந்து. அங்கம் என்றால் உறுப்பு. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்பவையே அவ்வைந்து. வாரம் கிழமை; மற்ற நான்கும் சூரியனும் சந்திரனும் வானத்தில் எங்கே நிற்கின்றன என்ற கணக்கே தவிர வேறல்ல. அமாவாசை, பௌர்ணமியில் கடல் நீர் ஏறுவதறிந்து வலை போடும் நம் கடற்கரைத் தோழருக்குத் திதி பயன்படுமானால் நமக்கு ஆட்சேபணை இல்லை. அது கணக்கு.

நிற்க. இந்த ஐந்தில் ராகுகாலம் எங்கே? எமகண்டம் எங்கே? ஐந்து உறுப்புள்ள உடம்பில் ஆறாவதாக ஒரு கையை ஒட்டவைத்தார்கள். அதுதான் தட்சணைக்கு நீளுகிற கை!

அனாதி சாஸ்திரம் என்கிறார்களே, ஓரை என்பது கிரேக்கச் சொல். கொற்கை முத்தை யவனன் காசு கொடுத்து வாங்கினான்; அவன் சொல்லைப் புரோகிதன் இனாமாக வாங்கி, ரிஷி வாக்கென்று நமக்கே விற்றான். வெள்ளைக்காரனும் அரபிகள் வழியாக வந்த சொல்லைத்தான் அல்மனாக் என்றான். ஆனால் 1767-ம் வருஷத்திற்கென்று கிரீனிச்சில் மாலுமிகளுக்காக ஓர் அல்மனாக் கணித்து, சந்திரனை அளந்து, நடுக்கடலில் கப்பல் நிற்குமிடத்தைக் கண்டுகொண்டான். அதே சந்திரனைப் பார்த்து நம்மவன், இன்று க்ஷவரம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் 1961-ல் கடைசியாக நடந்த குளிப்புவரை, பாரில் சிப்பியெடுத்து, திறந்து பார்த்து, முத்தின் மதிப்பைக் கண்டுதான் குளிப்புக்கு நாள் வைத்தார்கள். லட்சக்கணக்கில் பணம் புரளுகிற இடத்தில் சிப்பியைத்தான் கேட்டார்கள், ஜோசியரைக் கேட்கவில்லை.

சரி, கணக்காவது சரியா? தை முதல் நாள் உத்தராயணம் பிறக்கிறதாம். உப்பளத்துத் தோழர் ஒரு கம்பை நட்டுப் பார்க்கட்டும். நடுப்பகல் நிழல் மிக நீளமாக விழும் நாள் மார்கழி முதல் வாரத்திலேயே வந்து போய்விடும். மேகநாத் சாகா தலைமையில் அமைந்த குழு 1955-ல் இந்த ஏறக்குறைய 23 நாள் பிசகை எடுத்துக்காட்டியது. 1957 மார்ச் 22-ல் சர்க்கார் திருந்திய நாட்காட்டியை வெளியிட்டும் கோவில்களும் புரோகிதர்களும் பழைய பாட்டையே பாடுகிறார்கள்.

மழையையும் மரக்கால் கணக்கில் அளந்து சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது எத்தனை மரக்கால்? வானிலை இலாகாவின் முன்னறிவிப்பும் அவ்வளவுக்கு எட்டவில்லைதான். ஆனால் அவர்களைக் கேள்வி கேட்கலாம், கேட்டார்கள். மரக்கால்காரரை யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை காலை 7½ மணிக்கு நம் துறைமுகத்தில் கப்பலின் கயிற்றை அவிழ்க்கும் தோழர் ராகுகாலம் பார்ப்பதில்லை. அவரே வீட்டுக்கு வந்தால், வலியெடுத்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் “ஒன்பது ஆகட்டும்” என்று திண்ணையில் உட்காரவைக்கிறார். படித்தவரோ ஒரு படி மேலே போய், நல்ல நட்சத்திரம் குறித்துக் கொடுத்து அந்த நேரத்தில் வயிற்றைக் கீறும்படி டாக்டரைக் கேட்கிறார்! கப்பலுக்கு இல்லாத ராகு கர்ப்பிணிக்கு மட்டும் எங்கிருந்து வந்தான்?

அடுத்த சித்திரையில் பஞ்சாங்கம் படிக்க வருகிறவரிடம், ராகுகாலம் ஐந்தில் எந்த அங்கம் என்று கேளுங்கள். அவர் பதில் சொன்ன பிறகு தட்சணையைப் பற்றிப் பேசலாம்.