மரத்தை வெட்ட முதல் எண்ணிப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளவத்தையில் இருக்கிறவர்களும் நான் படிப்பிக்கிற கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன கிழமை எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதம் வந்தது. ஒழுங்கை முடிவில் நிற்கும் கொட்டாங்காய் மரத்தை அடியோடு வெட்டித் தரும்படி மாநகர சபைக்கு எழுதிய கடிதம். காரணம் ஒரே வரி: மரத்துக்கு வௌவால் வருகிறது, நோய் பரவும். அன்று இஷாவுக்கு முதல் பாதிக் கட்டடம் பெயர் போட்டு முடிந்துவிட்டது. நான் போடவில்லை. "டீச்சர், சயன்ஸ் படிப்பிக்கிற நீங்களே இப்படியா?" என்று கீழ்மாடி நானா கேட்டார்.

நானா, சயன்ஸ் படிப்பிக்கிறபடியால்தான் போடவில்லை. குழுவில் நான் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: எந்த வௌவால்?

ஒருவர் காகத்தை விடப் பெரிசு என்றார். இன்னொருவர் சிட்டுக்குருவி அளவு என்றார். ஒரு ராத்தா அது இரத்தம் குடிக்கும் என்று குரல் பதிவே போட்டார். ஒரே மரம், ஒரே இரவு, மூன்று விதமான மிருகம். கடிதம் மட்டும் ஒன்று.

இரத்தத்தில் இருந்து தொடங்குவோம். உலகத்தில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. அதில் இரத்தம் குடிப்பவை மூன்றே மூன்று. மூன்றும் இருப்பது மெக்சிக்கோவிலிருந்து தென் அமெரிக்கா வரையான பகுதியில். ஆசியாவில் ஒன்றுகூட இல்லை.

இலங்கையில் முப்பது இனங்களுக்கு மேல் இருக்கின்றன. நம் நாட்டின் நிலத்தில் வாழும் பாலூட்டி இனங்களில் நாலில் ஒன்றுக்குக் குறையாமல் வௌவால்தான். யானையையும் சிறுத்தையையும் பார்க்க யால வரைக்கும் வான் பிடித்துப் போகிறோம். நம் தலைக்கு மேலே ஒவ்வொரு மஃரிபுக்கும் போகும் கூட்டத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கருவி ஒன்றும் இல்லாமல், மொட்டைமாடியில் நின்று மூன்று வகையைப் பிரிக்கலாம். ஒன்று, பெரிய பழந்தின்னி. சிங்களத்தில் மாவவுலா என்பார்கள். இறக்கையை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். நாய்க்குட்டி முகம், கழுத்தில் செம்மஞ்சள் மயிர். விஹாரமகாதேவி பூங்காவில் பகலில் தலைகீழாகத் தொங்குவது இதுதான். இரண்டாவது, கையளவு வரும் குறுமூக்குப் பழந்தின்னி. பழத்தைப் பறித்துக்கொண்டு வேறு கிளைக்குப் போய்த் தின்னும். காலையில் உங்கள் வாகனத்தின் மேல் கிடக்கும் சப்பிய கொட்டாங்காயில் இதற்குப் பெரிய பங்கு. மூன்றாவது, தெருவிளக்கைச் சுற்றி வெட்டி வெட்டிப் பறக்கும் சின்ன வௌவால். சில கிராம்தான் நிறை. பழத்தைத் தொடாது, பூச்சி மட்டும்தான். மரத்தில் அல்ல, சுவர் வெடிப்பிலும் பழைய ஓட்டு வீட்டுக் கூரையிலும் இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஓட்டு வீடுகள் இடிபட இடிபட அவற்றின் இடமும் போகிறது. வெள்ளவத்தையில் மரம் போகிறது. இரண்டு ஊருக்கும் இரண்டு விதமான இழப்பு.

சரி, நோய்? ஒளிக்காமல் சொல்கிறேன். பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொன்னால் நானும் பொய்காரி.

நிபா வைரஸ் பெரிய பழந்தின்னிகளோடு சம்பந்தப்பட்டது. 1998-99இல் மலேசியாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2018இல் கேரளத்தில் 17 பேர். ஆனால் எப்படிப் பரவியது என்றும் வாசியுங்கள். மலேசியாவில் பழமரங்களுக்குக் கீழே பன்றிப் பண்ணை வைத்தார்கள். வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் போனது. பங்களாதேஷில் வௌவால் வாய் வைத்த பச்சை ஈச்சம் பதநீரைக் குடித்ததில் வந்தது. கேரளத்தில் முதல் நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் தொற்றியதுதான் அதிகம். மரத்துக்குக் கீழே நடந்து போனதால் வந்த கதை இதில் எதுவும் இல்லை.

நம் நாட்டிலும் ஒன்று கண்டுபிடித்தார்கள். பேராதனைப் பக்கத்தில் இறந்தும் நோயுற்றும் கிடந்த பெரிய பழந்தின்னிகளின் மூளையில், விசர்நாய்க்கடி வைரஸின் சொந்தக்கார வைரஸ் ஒன்று இருந்தது. 2016இல் அதை வெளியிட்டார்கள். பெயர் கன்னொறுவை வௌவால் லிஸ்ஸாவைரஸ். இதிலிருந்து நாங்கள் எடுக்க வேண்டிய பாடம் மரம் வெட்டுவதா? இல்லை. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதே. கடித்தால், கீறினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடு. வாய் வைத்த பழத்தைத் தின்னாதே. இந்த மூன்று வரியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பாடவேளை போதும். இது எங்களுக்குத் தெரிந்ததே, யாரோ எந்த வௌவால், எந்த ஊர் என்று பார்த்துப் பதிந்தபடியால்தான்.

விரட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உகண்டாவில் கிட்டாகா என்ற சுரங்கத்தில் 2007இல் தொழிலாளருக்கு மார்பர்க் நோய் வந்தது. அடுத்த வருடம் அங்கிருந்த வௌவால்களை எல்லாம் அழித்தார்கள். 2012இல் அந்தப் பகுதியிலேயே மார்பர்க் திரும்பவும் பெரிதாக வந்தது. போய்ப் பார்த்தால், சுரங்கத்துக்குத் திரும்பி வந்த வௌவால்களில் வைரஸ் இருந்தவற்றின் விகிதம் முதல் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நோயை விரட்டுகிறோம் என்று அதை வளர்த்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் சமூகத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட மனம் இடம் கொடுக்கவில்லை.

2020இல் கொவிட்டில் மௌத்தானவர்களை அடக்க விடமாட்டோம் என்றார்கள். நிலத்தடி நீரில் வைரஸ் போகும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்றது, யாரும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை அந்தக் கொடுமை நடந்தது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அப்போது நாம் கேட்டது என்ன? "ஆதாரம் எங்கே?" அது ஒன்றுதானே. மனிதரின் ஜனாஸாவையும் வௌவாலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் திரித்துச் சொல்ல வேண்டாம். நான் சொல்வது பயத்தின் வேலையைப் பற்றி. ஆதாரம் இல்லாத பயத்துக்கு சயன்ஸ் உடுப்புப் போட்டால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் நம்மை விட அறிந்தவர் யார்? அந்த வலியை அனுபவித்த நாமே ஒரு வரிக் கடிதத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெயர் போடலாமா?

மரம் நட்டவருக்கு, அதில் மனிதனோ பறவையோ மிருகமோ தின்றாலும் அது ஸதகாவாக எழுதப்படும் என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? அந்தக் கொட்டாங்காய் மரத்தை நட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு இரவிரவாக எழுதப்படுகிற நன்மையை நிறுத்துவதற்கு நாம் யார்? தமிழ் அயலவர்களுக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டில் சில கிராமங்களில் ஆலமரத்து வௌவால் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

இனி, நம் ஒழுங்கையில் உண்மையில் யாரால் யாருக்கு ஆபத்து என்று பார்ப்போம்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மேலே பாருங்கள். கரண்ட் கம்பியில் காய்ந்த கறுப்புக் குடை மாதிரி ஏதாவது தொங்கும். அது இறந்த பழந்தின்னி. இறக்கை நீளமென்பதால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பியில் பட்டுவிடும். அவ்வளவுதான். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இலங்கையின் ஊர்மனைக் கம்பிகளில் இப்படி இறந்த 300 பழந்தின்னிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எல்லாமே பழமரங்களுக்குப் பக்கத்தில், சில மீற்றர் தூரத்தில். மரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் நாம் வைத்த பொறி அது. இந்த இனத்தில் ஒரு தாய்க்கு வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். ஒன்று போனால் அந்த இடம் இலகுவில் நிரம்பாது. கடிதம் எழுதத்தான் வேண்டுமென்றால், பழமரம் நிற்கும் இடங்களில் வெறும் கம்பியை மாற்றி உறை போட்ட கம்பி போடுங்கள் என்று எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.

நன்மை என்ன என்று கேட்பவர்களுக்கு: டூரியன் சீசனில் வரிசையில் நின்று வாங்குகிறோமே, அதன் பூ விரிவது இரவில். மலேசியாவின் தியோமான் தீவில் கமெரா வைத்துப் பார்த்தபோது, பழந்தின்னிகள் பூவுக்குச் சேதமில்லாமல் தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பது தெரிந்தது. காட்டு மரங்களின் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோவதும் இவைதான். சின்ன வௌவால்கள் இரவெல்லாம் பூச்சி பிடிக்கின்றன. ஆனால் டெங்குவை ஒழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். அதற்கு உங்கள் பூச்சாடித் தண்ணீரை நீங்கள்தான் ஊற்ற வேண்டும்.

எச்சம், நாற்றம், வாகனத்தில் கறை என்று சொல்கிறீர்கள். உண்மை. எனக்கும் உடுப்புக் காயப்போட முடியாத நாட்கள் உண்டு. அதற்கு வாகனத்துக்கு உறை போடலாம், பழம் விழும் இடத்தைக் காலையில் கூட்டலாம், சன்னல் பக்கம் நீட்டும் கிளையை மட்டும் கத்தரிக்கலாம். பழம் முடிந்தால் அவையும் போய்விடும். இரண்டு மூன்று மாதத் தொல்லைக்கு, வளரப் பல வருடம் எடுத்த மரத்தைக் கொல்வதா?

இப்போது நான் எழுத வந்த விசயம்.

இந்த நாட்டின் வௌவால்களைப் பெயர் போட்டுப் பதிந்தவர்கள் யார்? 1852இல் தன் நூலில் பட்டியல் போட்ட கேலார்ட், இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர். அவர் பெயர் வைத்த ஓர் இலைமூக்கு வௌவாலின் விஞ்ஞானப் பெயரிலேயே லங்காதீவ இருக்கிறது. 1935இல் இலங்கைப் பாலூட்டிகளுக்குக் கையேடு எழுதிய பிலிப்ஸ், ஒரு தேயிலைத் தோட்டத் துரை. வாழைச் சருகுக்குள் தூங்கும் செம்மஞ்சள் நிற வௌவால் ஒன்று இருக்கிறது. அதன் விஞ்ஞானப் பெயரான கெரிவௌலா, வாழை வௌவால் என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. 2025இலும் இலங்கைக்கே உரிய இலைமூக்கு வௌவால் ஒன்று புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

இதில் நாம் எங்கே? எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல்: வௌவால். பெயர் தெரியாததைப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்துப் பார்க்காததை எண்ண முடியாது. எண்ணாத ஒன்று இல்லாமல் போனால் யாருக்கும் தெரியாது. பத்து வருடத்துக்கு முதல் இந்த ஒழுங்கைக்கு எத்தனை வந்தது என்று கேட்டால் சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் குரல் பதிவுகள் வந்து குந்துகின்றன.

"அதெல்லாம் கம்பஸ்காரரின் வேலை" என்று சொல்லாதீர்கள். ஆய்வாளர் குகைக்கும் காட்டுக்கும் போவார். உங்கள் மொட்டைமாடிக்கு ஒவ்வொரு மாலையும் வரமுடியாது. நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள்.

போன சனி மஃரிப் தொழுதுவிட்டு நானும் மகளும் மேல்மாடி ஆன்டியும் கொப்பி ஒன்றோடு நின்றோம். அரை மணித்தியாலம். கடல் பக்கம் சிவப்பு மங்கும்போது முதலாவது வந்தது. பெரியது பதினொன்று. சின்னது எண்ணத் தொடங்கி விட்டுவிட்டோம். எழுபது வயது ஆன்டி, "முப்பது வருசமா இங்க இருக்கிறன், இண்டைக்குத்தான் பார்த்தன்" என்றார்.

ஒரு மாலையின் கணக்கு ஒன்றையும் நிரூபிக்காது. பத்து ஒழுங்கை, ஒரு வருடம் என்றால் அது ஆவணம். ஆகவே கேட்பது இதுதான். கிழமைக்கு ஒரு மாலை, சூரியன் இறங்கியதிலிருந்து அரை மணித்தியாலம் மாடியில் நில்லுங்கள். திகதி, நேரம், ஒழுங்கை, பெரியதா சின்னதா, எத்தனை, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், எந்த மரத்தில் இறங்கியது என்று எழுதுங்கள். கம்பியில் இறந்து தொங்கினால் படம் எடுங்கள், தொடாதீர்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பழைய கூரைகளில் இருந்து சின்னது வெளியே வருவதைப் பாருங்கள். கீழே கருத்தில் போட்டால் நான் ஒரே அட்டவணையில் சேர்ப்பேன். மாத முடிவில் இங்கேயே போடுவேன். பிறகு ஆய்வு செய்பவர்கள் கையில் கொடுப்போம்.

கீழ்மாடி நானா, இந்தச் சனி நீங்களும் மேலே வாருங்கள். தேத்தண்ணி என் பொறுப்பு. எண்ணி முடித்த பிறகும் மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தக் கடிதத்தில் காரணத்தை மாற்றி எழுதுங்கள்: எந்த வௌவால், எத்தனை, என்ன நோய், யாருக்கு வந்தது என்று. அப்படி எழுத முடிந்தால் கொண்டு வாருங்கள், வாசிக்கிறேன். அதுவரை என் பெயர் அதில் வராது.