மண்ணெண்ணெய் குளிர்விக்குமா?

எரிவதையே தொழிலாகக் கொண்ட ஒரு திரவத்தை, உஷ்ணம் தாங்காத விமானத்தைக் குளிர்விக்கப் பயன்படுத்துவது விபத்தை வலிய அழைப்பதற்குச் சமானம் என்றோர் அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் பரவியிருக்கிறது. எங்கள் சுந்தரபாண்டியத்தில் பம்ப் ஸ்டவ் மூட்டிப் பழகியவர்களாவது இதை நம்பாமலிருக்கலாம்; அந்த அடுப்பில் மண்ணெண்ணெய் கொதிக்கக் காய்ந்த பித்தளைக் குழாயினூடேதான் ஏறி வருகிறது, ஆயினும் நிப்பிளைத் தாண்டிக் காற்றோடு கலந்த பின்னரே தீயாகிறது.

விமானத்திலும் நியதி அதுவே: ஆவியும் பிராணவாயுவும் தக்க அளவில் கூடினாலன்றி நெருப்பில்லை, குழாய் நிறைய ஓடும் எரிபொருளிலோ பிராணவாயு சொற்பம். 1996-இல் நியூயார்க் அருகே வெடித்துச் சிதறிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானத்தைச் சாட்சிக்கு அழைப்போர், வெடித்தது அநேகமாகக் காலியாயிருந்து ஆவி சேர்ந்த தொட்டி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒலியைப்போல் மும்மடங்கு வேகத்தில் பறந்த எஸ்.ஆர்.-71 விமானத்தில், எரிபொருள் குறையக் குறைய அவ்விடத்தை நைட்ரஜன் வாயுவால் நிரப்பி இந்த அபாயத்தைத் தவிர்த்தார்கள்.

தண்ணீரே மேல் என்பாரும் உளர். எடைக்கு எடை அது இருமடங்கு உஷ்ணத்தை ஏற்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அது வீண் சுமை. எரிபொருளோ எப்படியும் சுமந்தாக வேண்டியது. வாங்கிய உஷ்ணத்தையும் அது வீணாக்காமல் எஞ்சினுக்கே திருப்பித் தருகிறது. நமக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மகேந்திரகிரியில், 2016 பிப்ரவரியில் 640 விநாடி எரிந்த சி.இ.-20 கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினின் சுவரைக் காத்ததும் அதன் எரிபொருளான திரவ ஹைட்ரஜனே.

சாதாரணப் பிரயாணி விமானத்தில் எரிபொருளுக்குக் குளிரே பெருந்தொல்லை என்றால் ஆச்சரியப்படுவோர் உண்டு. எஞ்சின் ஆயிலின் சூட்டை எரிபொருளுக்கு மாற்றும் சாதனத்தையே பனிக்கட்டி அடைத்ததால், 2008 ஜனவரியில் ஒரு போயிங் 777 லண்டனில் ஓடுபாதையை எட்டாமல் தரையில் விழுந்தது.

அதற்காக, எரிபொருளால் குளிர்விக்கும் முறைக்கு வரம்பே இல்லை என்பதல்ல என் கட்சி. வரம்பு உண்டு, அது தீயன்று, கரி. ஸ்டவ் அடைத்துக்கொண்டால் பின்னால் குத்தி எடுப்போமே, அந்தக் கரியேதான்! ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸுக்கு மேல், எரிபொருளில் கரைந்துள்ள சிறிது பிராணவாயுவே பிசினை உண்டாக்கி நுண்ணிய குழாய்களில் படியச் செய்கிறது; பறக்கும் விமானத்தில் பின் குத்த யார் இருக்கிறார்கள்?

மேலும் கடும் உஷ்ணத்தில் மூலக்கூறுகளே உஷ்ணத்தை உறிஞ்சிக்கொண்டு உடைகின்றன. உடைந்த துண்டுகள் எளிதில் பற்றவும் செய்கின்றன. இக்குணத்தை வேண்டுமென்றே வளர்த்த எரிபொருளொன்றை ஹைதராபாத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமான டி.ஆர்.டி.எல். உருவாக்கியிருக்கிறது. அங்கே, ஒலியினும் வேகமாகப் பாயும் காற்றில் எரிபொருளை எரிக்கும் ஸ்கிராம்ஜெட் எஞ்சினின், குளிர்விப்புடன் கூடிய எரிகலம் 2025 ஜனவரியில் 120 விநாடியும், ஏப்ரல் 25 அன்று 1,000 விநாடிக்கு மேலும் எரிந்தது.