ரிப்பன் வெட்ட முடியாத வளர்ச்சி

பாலம் கட்டினால் திறப்பு விழா உண்டு. இரண்டு வயதுப் பிள்ளையின் மூளை வளர்வதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. அங்கன்வாடிக்கு நிதி ஒதுக்கும்போது கை இழுத்துக்கொள்வது இதனால்தான். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் பிஞ்சு வயிறுகளை நிரப்பின. நல்லது. ஆனால், சத்துமாவோடு பேச்சும் பாட்டும் விளையாட்டும் சேர்ந்தால்தான் அறிவு தழைக்கும். எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, வீடு வீடாகப் போவது என எல்லாம் ஒரே பணியாளர் தலையில் விழுந்தால், கதை சொல்ல நேரம் ஏது? அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளியில் படித்தவர்கள், நாற்பது வயதில், அங்கே படிக்காத அதே போன்ற ஏழைப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பட்ஜெட் போடுகிறவர்களுக்கும் யாராவது சொல்லுங்கள்.