கென்யாவின் தேயிலை மலைகளில் இலங்கைக் கம்பனி: எதனைக் கொண்டு செல்கிறோம், எதனைக் கற்கப் போகிறோம்?

தேயிலை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது நுவரெலியாவும் ஹட்டனும்தான். ஆனால் கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் உலகில் முதலிடம் வகிப்பது கென்யா. பாகிஸ்தானும் எகிப்தும் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். அந்நாட்டின் பிரதான தோட்டங்கள் சில இப்போது இலங்கையர் கைக்கு மாறி வருகின்றன. எமது வர்த்தகப் பக்கங்கள் இதனை ஒரு வெற்றிச் செய்தியாகவே பார்த்தன. அதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு.

ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் கென்யத் தோட்டங்களை வாங்குவதாக பிரவுண்ஸ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 2023இல் அறிவித்தது. 2024இல் லிப்டன் நிறுவனத்தின் கென்யா, ருவாண்டா, தான்சானியா தோட்டங்களையும் வாங்க இணங்கியது. கெரிச்சோ மலைப்பகுதியில் ஒரு நூற்றாண்டாகப் பிரித்தானியர் அமர்ந்திருந்த ஆசனத்தில் இனி நாம் அமரப் போகிறோம்.

கென்யத் தேயிலைக்கு இரண்டு உலகங்கள் உள்ளன. ஒன்று பெருந்தோட்டம். மற்றையது சிறு விவசாயிகளுடையது. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கும் அதிகமானது இரண்டாவது உலகத்திலிருந்தே வருகிறது. சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டான 1964இல், சிறு விவசாயிகளுக்கென அரச அதிகாரசபை ஒன்று உருவாக்கப்பட்டது. 2000இல் அது தனியார்மயமாகி, 'கேடிடிஏ' என்ற பெயரில் விவசாயிகளுக்குச் சொந்தமான நிறுவனமாகியது. இன்று ஆறு இலட்சத்துக்கும் அதிகமான விவசாயிகள் அதனோடு இணைந்துள்ளனர். கொழுந்தைக் கொடுப்பவரே தொழிற்சாலையின் பங்குதாரர். மாதாந்தம் ஒரு கொடுப்பனவும், தேயிலை விற்ற பின்னர் ஆண்டு இறுதியில் 'போனஸ்' எனும் இரண்டாவது கொடுப்பனவும் கிடைக்கும். எமது நாட்டிலோ பெரும்பாலான சிறு தோட்ட உரிமையாளர்கள் கொழுந்தைத் தனியார் தொழிற்சாலைக்கு விற்பதோடு சரி.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. நிர்வாகச் செலவு அதிகம், போனஸ் போதாது என்ற முறைப்பாடுகள் ஓயவில்லை. ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தும் மேற்குப் பகுதி விவசாயிகளுக்குக் கிழக்கை விடக் குறைவாகவே கிடைக்கிறது. 2021இல் மொம்பாசா ஏலத்தில் கிலோவுக்கு 2.43 டொலர் என அடிமட்ட விலை நிர்ணயிக்கப்பட்டபோது, விற்பனையாகாத தேயிலை களஞ்சியங்களில் தேங்கியது. ஆயினும் விவசாயிக்குக் கேள்வி கேட்கும் உரிமையாவது இருக்கிறது. அவர் பங்குதாரர் அல்லவா?

பெருந்தோட்டத் தொழிலாளிக்கு அந்த உரிமையும் இல்லை. அவரிடம் இருப்பது இரண்டு கைகள் மட்டுமே. அந்தக் கைகளுக்குப் பதிலாகக் கொழுந்து பறிக்கும் இயந்திரம் வந்தபோது, 2023 மே மாதம் கெரிச்சோவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் இயந்திரங்களுக்குத் தீ வைத்தனர். வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதன் வேரைப் புரிந்துகொள்ள வேண்டும். காலனித்துவ ஆட்சி கிப்சிகிஸ், தலாய் மக்களை விரட்டியடித்து எடுத்த நிலம் அது. தோட்டங்களில் பெண்கள் பாலியல் ரீதியாகச் சுரண்டப்பட்டமையை 2023 பெப்ரவரியில் பிபிசி வெளிப்படுத்தியது. நிலம் போனது, மானம் போனது, இறுதியில் வேலையும் போகிறது என்றால் எந்த மக்கள் பொறுப்பார்கள்?

இயந்திரமின்றிச் செலவைக் குறைக்க முடியாது, சந்தையில் நிலைக்க முடியாது என்று கம்பனிகள் சொல்வதிலும் உண்மை உண்டு. அப்படியாயின் இயந்திரத்தால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.

இங்கு எமது மலையகத்தை மறக்க முடியாது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் பல வருடங்கள் போராடினர். 2021இல் அது வர்த்தமானியில் வந்த பின்னரும் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. லயன் அறைகள் இன்னும் இருக்கின்றன. இந்த அனுபவத்தையா கெரிச்சோவுக்குக் கொண்டு செல்லப் போகிறோம்?

பின்லே தோட்ட விற்பனையில் 15 சதவீதப் பங்கு உள்ளூர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது. அது நல்ல ஆரம்பம். ஆனால் அந்தப் பங்கின் இலாபம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வீடு வரை செல்கிறதா என்பதே உண்மையான கேள்வி. அங்கே அது சாத்தியமானால், பங்குரிமை என்ற பேச்சை மஸ்கெலியாவிலும் பதுளையிலும் தொடங்குவதற்கு என்ன தடை என்று நாம் கேட்கலாம்.