செல்வமகள் பணத்தை எப்போது எடுப்பது?

பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கரில் தக்காளி போடும் விவசாயி ஒருவரின் கேள்வி இது. மகளுக்கு எட்டு வயதானபோது, 2015-ல், தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கினார். மகள் இப்போது பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். 'சேமிப்பைத் தொடாதீங்கப்பா. கல்விக்கடன் வாங்கி நான் கட்டினால் எனக்கு வருமான வரி குறையும்' என்கிறார் ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மூத்த மகன். வாங்கலாமா?

வரி குறையாது. கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு தரும் 80-இ பிரிவில் தான், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சட்டப்படி தன் பொறுப்பிலுள்ள மாணவர் ஆகியோரின் படிப்பு மட்டுமே சேரும். தங்கை சேரமாட்டாள். அதுவும் பழைய வரி முறையில்தான். அப்பாவுக்கோ விவசாய வருமானம் மட்டும்; அதற்கு வரியே இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

முதலில் பார்க்க வேண்டியது கட்டணம் எவ்வளவு என்பதை. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சேமிப்பைத் தொடவே வேண்டியதில்லை. அது கிடைக்காவிட்டால், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்று படிப்புக் கட்டணத்தில் சலுகை தரும். அண்ணன் பட்டதாரி என்றால் அதுவும் இல்லை.

மீதிக்குத்தான் செல்வமகள். முந்தைய மார்ச் 31 அன்று இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். இருப்பு 3 லட்சம் என்றால் உச்சவரம்பு 1.5 லட்சம், ஆனால் கல்லூரி ரசீது 40,000 என்றால் 40,000-தான். இப்போது கூடுதலாகப் பணம் போட்டாலும் இந்த ஆண்டு வரம்பு ஏறாது. ஆண்டுக்கு ஒரு முறை வீதம், ஐந்து ஆண்டு வரை தவணையாகவும் எடுக்கலாம். மொத்தமாக எடுத்து வீட்டில் வைப்பது நஷ்டம். 2024 ஜனவரி முதல் வட்டி 8.2 சதவீதம், அதற்கு வரியும் கிடையாது.

கடனுக்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். வங்கியில் கேட்க வேண்டியது இதைத்தான். தாசில்தாரின் வருமானச் சான்றை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

இன்னொன்று: மகளுக்கு 18 முடிந்துவிட்டால் கணக்கு அவள் பொறுப்பு. பணம் எடுக்க அப்பா மட்டும் போனால் தபால் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரும் சேர்க்கைக் கடிதமும் கட்டண ரசீதும் எடுத்துக்கொண்டு மகளே போக வேண்டும்.