முதல் இரவுக்கு வேண்டியது நீரும் மின்சாரமும்

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோது, பலர் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தனர். அந்த நிலையில் கைப்பேசி அணைந்துவிட்டால், இருக்கும் இடத்தைச் சொல்லக்கூட வழியில்லை.

சுற்றிலும் நீர்; குடிக்க முடியாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். கலந்துள்ள எண்ணெயும் இரசாயனமும் போகாது.

அரிசியும் போர்வையும் பிறகு வந்து சேரும். முதல் இரவை நாமே தாண்டியாக வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர், சார்ஜ் நிறைந்த ஒரு பவர்பேங்க், டார்ச்லைட் ஆகியவை வீட்டில் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்காதீர்கள். அதன் புகை உயிரைப் பறிக்கும்.

வசதி குறைந்த தோட்டக் குடும்பங்களுக்கு இதுவும் செலவுதான். திருவிழாவுக்கு ஒன்றுகூடி வசூலிக்கும் நம் ஆலயங்கள், மழைக்காலத்திற்கு முன் இதற்கும் வசூலிக்கலாமே?