யாருடைய நோக்கம்?

அரசியல் சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கத்தைத் தாண்டி நீதிபதிகள் பொருள் சொல்வது அத்துமீறல் என்கிறார் நண்பர். 1951-ஐ அவர் மறந்துவிட்டார். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசுப் பணியில் இடஒதுக்கீட்டை அனுமதிக்க 16(4) பிரிவு உண்டு, கல்விக்கு அப்படியொரு பிரிவு இல்லை. எனவே இயற்றியவர்கள் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றம் ஊகித்தது. இயற்றியவர்கள் உயிரோடிருந்தார்கள்! சட்ட அமைச்சர் அம்பேத்கரே தீர்ப்பைக் கண்டித்தார். அரசியல் நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றமாகத் தொடர்ந்த அவை, சில மாதங்களிலேயே கல்வியிலும் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(4)-ஐச் சேர்த்தது. அன்றே பொய்த்த ஊகத்தை, சபையினர் எல்லோரும் மறைந்த பிறகு எப்படி நம்புவது? நீதிமன்றத்தின் பொருளும் மாறாததல்ல: உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21-ஆம் பிரிவை, கோபாலன் வழக்கில் 1950-இல் குறுக்கிய உச்ச நீதிமன்றமே மேனகா காந்தி வழக்கில் 1978-இல் விரித்தது. இதில் எது அத்துமீறல்? நண்பர் வெளிப்படையாகச் சொல்லட்டும்.